அழித்து எழுதிய அளவீடுகள்



உங்கள் செய்முறை நோட்டை எடுத்துத் தனி ஊசல் சோதனை எழுதியுள்ள பக்கத்தைத் திருப்புங்கள். புவியீர்ப்பு முடுக்கம் 9.8 என்று இருக்கும். மிஞ்சிப் போனால் 9.79 அல்லது 9.82. வகுப்பில் உள்ள அத்தனை பேருடைய நோட்டிலும் அப்படியே இருக்கும். நூலைக் கட்டியவர் வேறு, அலைவுகளை எண்ணியவர் வேறு, கடிகாரத்தை நிறுத்தியவர் வேறு. விடை மட்டும் ஒன்று! இந்த அற்புதம் எப்படி நடக்கிறது என்பது எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். உங்கள் ஆசிரியருக்கும் நன்றாகவே தெரியும்.

நானும் அதைச் செய்தவன்தான். பள்ளி நாளில் நானும் என் நண்பனும் ஊசலின் நீளத்தை 40, 60, 100 சென்டிமீட்டர் என்று மாற்றி மாற்றி அளந்தோம். 10.1, 10.0, 9.9 என்று விடைகள் வந்தன. ஒன்றுகூட 9.8 இல்லை. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். பிறகு ரப்பரை எடுத்தோம். கடைசியில் எல்லாம் 9.8 ஆயிற்று. ஆசிரியர் சிவப்பு மையில் கையெழுத்திட்டார், பத்துக்குப் பத்து.

பல ஆண்டுகள் கழித்துத்தான் புரிந்தது. நீளத்தைக் குண்டின் மையம்வரை அளக்காமல் அடிப்பகுதிவரை அளந்திருந்தோம். அந்தக் குண்டின் ஆரம் 1.2 சென்டிமீட்டர் அளவில் இருந்தால் கணக்கு அப்படியே பொருந்துகிறது. நூல் குட்டையாக இருக்கும்போது அந்தப் பிழை பெரிதாகத் தெரியும், நீளமாக இருக்கும்போது சிறிதாகும். 10.1, 10.0, 9.9 என்று படிப்படியாக இறங்கிய அந்த வரிசை, "நீ நீளத்தைத் தவறாக அளந்திருக்கிறாய்" என்று எங்களிடம் சொல்லிக்கொண்டே இருந்தது. நாங்கள்தான் அதன் வாயை அடைத்துவிட்டோம்.

இதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. மீக்கடத்திகளைப் பற்றிய ஆராய்ச்சியில் சென்ற சில ஆண்டுகளாக நடந்துவரும் நிகழ்ச்சிகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த ரப்பர்தான் நினைவுக்கு வருகிறது. செய்முறைத் தேர்வில் விடைக்கு மதிப்பெண் தருவதைக் குறைத்து, ஒத்துவராத அளவீட்டை அழிக்காமல் வைத்திருப்பதற்கு மதிப்பெண் தரவேண்டும் என்பது என் கருத்து. ஏன் என்பதைக் கதையாகவே சொல்கிறேன். கொஞ்சம் இயற்பியலும் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1911-ஆம் ஆண்டு, நெதர்லாந்து நாட்டின் லெய்டன் நகரம். ஹெய்கே காமர்லிங் ஓன்ஸ் என்ற அறிஞரின் ஆய்வுக்கூடத்தில் பாதரசத்தைத் திரவ ஹீலியத்தால் குளிர்வித்துக்கொண்டே போனார்கள். 4.2 கெல்வின், அதாவது ஏறக்குறைய மைனஸ் 269 டிகிரி செல்சியஸ் வந்ததும் பாதரசத்தின் மின்தடை திடீரென்று மறைந்தது. குறைந்தது என்று சொல்லவில்லை, மறைந்தே போயிற்று. இதைத்தான் மீக்கடத்தல் என்கிறோம். மின்தடை இல்லாத கம்பியில் சுருள் செய்தால், சூடேறாமல் எவ்வளவு மின்சாரமும் செலுத்தலாம். 1,00,000 காஸ், இன்றைய அலகில் 10 டெஸ்லா வலிமையுள்ள காந்தம் செய்துவிடலாம் என்று ஓன்ஸ் கனவு கண்டார். ஆனால் காரீயச் சுருளைக் காந்தப்புலத்தில் வைத்தபோது சில நூறு காஸிலேயே மீக்கடத்தல் போய்விட்டது. 1914-இல் இதை அவரே வெளியிட்டார். தம் கனவைக் கெடுத்த அளவீட்டை அவர் மறைக்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அன்றுமுதல் காந்தப்புலம் மீக்கடத்தலுக்கு எமன் என்பது பாடமாயிற்று. காரணம் பிற்பாடுதான் தெரிந்தது. 1957-இல் பார்டீன், கூப்பர், ஷ்ரீஃபர் என்ற மூன்று அமெரிக்க அறிஞர்கள் மீக்கடத்தியில் எலெக்ட்ரான்கள் தனித்தனியாகச் செல்வதில்லை, இரண்டு இரண்டாக இணை சேர்ந்து செல்கின்றன என்று விளக்கினார்கள். ஒவ்வொரு எலெக்ட்ரானும் ஒரு குட்டிக் காந்தம். சாதாரண மீக்கடத்தியில் இணையின் இரு காந்தங்களும் எதிரெதிர்த் திசையில் இருக்கும். உங்கள் பள்ளியில் சட்டக் காந்தங்களைப் பெட்டியில் எப்படி அடுக்கி வைக்கிறார்கள்? ஒன்றின் வடமுனை அருகே மற்றதன் தென்முனை வரும்படிதானே? அதுபோலத்தான். இப்போது வெளியிலிருந்து வலிய காந்தப்புலம் வந்தால் இரண்டையும் ஒரே பக்கம் திருப்பப் பார்க்கும். அதன் வலிமை ஒரு வரம்பை மீறினால் இணை பிரிந்துவிடும். (இணையாகச் செல்லும் எலெக்ட்ரான்களின் பாதையை வளைத்தும் காந்தப்புலம் அவற்றைப் பிரிக்கும். அது வேறொரு வழி, இங்கே வேண்டாம்.)

இந்த வரம்பை 1962-இல் கிளாக்ஸ்டன் என்பவரும் சந்திரசேகர் என்பவரும் தனித்தனியே கணக்கிட்டார்கள். சந்திரசேகர் என்றதும் விண்மீன்களை ஆராய்ந்து நோபல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகரை நினைத்துவிடாதீர்கள். இவர் பி. எஸ். சந்திரசேகர், வேறோர் இயற்பியலார். கணக்கு மிக எளிது. ஒரு பொருள் மீக்கடத்தியாக மாறும் வெப்பநிலையைக் கெல்வினில் எடுத்துக்கொண்டு 1.84-ஆல் பெருக்கினால் அது தாங்கக்கூடிய காந்தப்புலம் டெஸ்லாவில் கிடைக்கும். 1.6 கெல்வினில் மீக்கடத்தியாகும் பொருள் ஏறத்தாழ 3 டெஸ்லாவுக்கு மேல் தாங்கக்கூடாது. இந்த எண்ணை நினைவில் வையுங்கள், பிறகு வேண்டியிருக்கும்.

சரி, இணையின் இரு எலெக்ட்ரான்களும் முதலிலிருந்தே ஒரே பக்கம் திரும்பியிருந்தால்? காந்தப்புலம் திருப்புவதற்கு ஒன்றும் இல்லை. அந்த வரம்பும் அங்கே செல்லாது. இப்படிப்பட்ட மீக்கடத்தி இருக்கமுடியுமா என்பது நெடுநாளைய கேள்வி. கேள்வியோடு ஓர் ஆசையும் ஒட்டிக்கொண்டது. ஆசை எதனால் என்பதைச் சொல்ல வேண்டுமானால் வடையைப் பற்றிப் பேசவேண்டும்.

உளுந்து வடையில் ஓர் ஓட்டை உண்டு, இட்லியில் இல்லை. வடையைக் களிமண்ணால் செய்ததாகக் கொள்ளுங்கள். கிழிக்காமல், ஒட்டாமல், அழுத்தியும் இழுத்தும் அதைக் கைப்பிடியுள்ள காப்பிக் கோப்பையாக மாற்றிவிடலாம்; கைப்பிடியில் ஓர் ஓட்டை இருக்கிறதல்லவா? ஆனால் எத்தனை அழுத்தினாலும் இட்லியாக மாற்ற முடியாது. ஓட்டைகளின் எண்ணிக்கை சிறு சிறு நெளிவுகளால் மாறாது. இத்தகைய மாறாத எண்களை ஆராயும் கணிதத்துக்கு இடத்தியல், அதாவது டோப்பாலஜி என்று பெயர். சில பொருள்களில் எலெக்ட்ரான்களின் நிலைகளுக்கும் இத்தகைய மாறாத எண் ஒன்று உண்டு. அவற்றை டோப்பாலஜிப் பொருள்கள் என்கிறார்கள். அந்த எண் பொருளுக்கு உள்ளே ஒன்றாகவும் வெளியே வேறாகவும் இருப்பதால், விளிம்பில் ஏதாவது ஒன்று தோன்றியே தீரவேண்டும். டோப்பாலஜி வகை மீக்கடத்தியாக இருந்தால் அங்கே தோன்றுவது மயோரானா நிலை. எட்டோரே மயோரானா என்ற இத்தாலிய இளைஞர் 1937-இல் தானே தனக்கு எதிர்த்துகளாகவும் இருக்கக்கூடிய ஒரு துகளைக் கணக்கில் கண்டார். அடுத்த ஆண்டே அவர் காணாமற் போனார் என்பது தனிக் கதை. மீக்கடத்தியில் வருவது அந்தத் துகள் அன்று. அதே கணக்குக்குக் கட்டுப்படும் ஒரு நிலை. ஓர் எலெக்ட்ரான் நிலையை இரண்டாகப் பிளந்து, பாதியை இந்த முனையிலும் பாதியை அந்த முனையிலும் வைத்தது போன்றது. அதில் ஒரு செய்தியைப் பதித்து வைத்தால், ஒரு முனையில் மட்டும் ஏற்படும் இடைஞ்சல் அதைக் கெடுக்காது. குவாண்டம் கணிப்பொறி செய்ய விரும்புகிறவர்களுக்கு இதைவிட இனிப்பான செய்தி வேறு என்ன வேண்டும்? ஒரே பக்கம் திரும்பிய இணைகளைக் கொண்ட மீக்கடத்தியில் இந்த நிலை தோன்றும் வாய்ப்பு அதிகம். அதனால்தான் அத்தனை தேடலும்.

தேடலில் முதலில் எல்லாரும் நம்பிக்கை வைத்தது ஸ்ட்ரான்சியம் ருத்தேனேட் என்ற படிகத்தின் மீது. ஜப்பானிய அறிஞர் யோஷிடெரு மயேனோவும் அவர் நண்பர்களும் 1994-இல் இது மீக்கடத்தி என்று கண்டார்கள். தூய படிகத்தில் 1.5 கெல்வினில் மின்தடை மறைகிறது. இணைகள் ஒரே பக்கம் திரும்பியவையாக இருக்கலாம் என்று கோட்பாட்டாளர்கள் சொன்னார்கள். எப்படிச் சரிபார்ப்பது? படிகத்தைக் காந்தப்புலத்தில் வைத்து ரேடியோ அலைத் துடிப்பு ஒன்றைச் செலுத்தி, அணுக்கருக்கள் எந்த அதிர்வெண்ணில் பதில் தருகின்றன என்று கேட்கலாம். அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு என்று இதற்குப் பெயர். மருத்துவமனைகளில் உடலைப் படம்பிடிக்கும் எம்.ஆர்.ஐ. பொறியும் இதே தத்துவத்தில் வேலை செய்வதுதான். சுற்றியுள்ள எலெக்ட்ரான் காந்தங்கள் எவ்வளவு திரும்புகின்றனவோ அவ்வளவு அந்த அதிர்வெண் நகரும். எதிரெதிரான இணைகள் என்றால், மீக்கடத்தல் தொடங்கியதும் அவை வெளிக்காந்தத்துக்கு அசையமாட்டா, நகர்வு குறையவேண்டும். ஒரே பக்கம் திரும்பிய இணைகள் என்றால் நகர்வு மாறாமல் இருக்கலாம்.

1998-இல் ஜப்பானில் கெஞ்சி இஷிதா முதலானோர் அளந்தார்கள். நகர்வு மாறவில்லை! எல்லாரும் எதிர்பார்த்த விடை. அதற்குப்பின் இருபது ஆண்டுகள் இந்தப் படிகம் ஒரே பக்க இணைக்கு எடுத்துக்காட்டாகப் புத்தகங்களில் நின்றது. ஒத்துவராத அளவீடுகளும் வந்துகொண்டுதான் இருந்தன. உதாரணமாக, இந்தப் படிகம் சில திசைகளில் தாங்கிய காந்தப்புலம் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருந்தது. அவற்றுக்கெல்லாம் ஏதேனும் சமாதானம் சொல்லப்பட்டது.

2019-இல் அமெரிக்காவில், லாஸ் ஏஞ்சல்சில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் ஆந்த்ரே புஸ்டோகோவும் அவருடைய குழுவினரும் அதே சோதனையைத் திரும்பச் செய்தார்கள். இம்முறை ரேடியோத் துடிப்பின் ஆற்றலை மிகவும் குறைத்துப் பார்த்தார்கள். நகர்வு தெளிவாகக் குறைந்தது! அப்படியானால் முன்பு குறையாதது ஏன்? துடிப்பே படிகத்தைச் சூடாக்கியிருக்கிறது. அளவீடு எடுக்கும் அந்தக் கணத்தில் படிகம் மீக்கடத்தியாகவே இல்லை. சிறு கிண்ணத்தில் உள்ள வெந்நீரில் பெரிய வெப்பமானியை நுழைத்தால் வெப்பமானியே நீரைக் குளிரச் செய்துவிடும் அல்லவா? அதுபோல அளக்கும் கருவியே அளக்கப்படும் பொருளை மாற்றிவிட்டது.

இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. இஷிதாவின் குழு சண்டைக்குப் போகவில்லை. தங்கள் கருவியில் துடிப்பின் ஆற்றலைக் குறைத்துத் தாங்களே மறுபடி அளந்தார்கள். நகர்வு குறைவது உண்மை, எங்கள் பழைய அளவீட்டில் சூடேறல் நடந்திருக்கிறது என்று 2020-இல் எழுதி வெளியிட்டார்கள். இருபது ஆண்டுப் புகழைக் கொடுத்த சோதனை அது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இஷிதா எந்த எண்ணையும் அழித்து எழுதவில்லை. கருவி காட்டியதைத்தான் எழுதினார். ஒத்துவந்த அளவீடும் தவறாக இருக்கலாம் என்பதை இந்தக் கதை காட்டுகிறது. 10.1 வந்தால் "எங்கே பிழை?" என்று தேடுகிறோம், 9.8 வந்தால் யாராவது தேடுகிறோமா? நானாக இருந்தால் கடையை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பேன்.

அடுத்த கதை இவ்வளவு இனிப்பானது அன்று. இயற்கையில் ஒரே பக்க இணை கிடைக்காவிட்டால் செயற்கையாகச் செய்யலாமே என்று 2010-இல் கோட்பாட்டாளர்கள் ஒரு வழி சொன்னார்கள். தலைமுடியைவிடப் பல நூறு மடங்கு மெல்லிய குறைகடத்திக் கம்பி ஒன்றை எடுத்து, அதன் மேல் மீக்கடத்தி ஒன்றைப் பூசி, தகுந்த திசையில் காந்தப்புலம் கொடுத்தால் கம்பியின் இரு முனைகளிலும் மயோரானா நிலை வரவேண்டும். காந்தப்புலம் இங்கே எமன் அன்று, உதவியாளன். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் ஒரு குழு 2012-இல் அதற்கு அறிகுறி தெரிகிறது என்று எழுதியது. 2018-இல் டெல்ஃப்ட் குழு இன்னொரு கட்டுரை வெளியிட்டது. மயோரானா நிலை உண்மையானால் கம்பியின் மின்கடத்தல் ஒரு குறிப்பிட்ட மதிப்பை எட்டி அங்கேயே நிற்கவேண்டும். தடையாகச் சொன்னால் 12,906 ஓம் அளவு. அந்த மதிப்பைக் கண்டுவிட்டோம் என்பது அவர்கள் கூற்று. உலகமே கைதட்டிற்று.

செர்கேய் ஃபிரோலோவ், வின்சென்ட் மூரிக் என்ற இருவர் மட்டும் கைதட்டவில்லை. வெளியாட்கள் அல்லர், 2012 கட்டுரையை எழுதியவர்களில் இவர்களும் உண்டு. "சோதனையில் எடுத்த எல்லா அளவீடுகளையும் காட்டுங்கள்" என்று கேட்டார்கள். கிடைத்தவற்றைப் பார்த்தபோது, படத்தில் இடம்பெறாத பகுதிகளும் இருந்தன. அவற்றையும் சேர்த்து வரைந்தால் மின்கடத்தல் அந்த மதிப்பில் நிற்கவில்லை, தாண்டிப் போயிற்று. 2021 மார்ச்சில் ஆசிரியர்களே கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். பல்கலைக்கழகம் நியமித்த நால்வர் குழு ஆராய்ந்து, வேண்டுமென்றே செய்த மோசடிக்குச் சான்று இல்லை, கண்டுபிடித்துவிட்டோம் என்ற உற்சாகத்தில் எதிர்பார்ப்புக்கு ஒத்த அளவீடுகளையே தேர்ந்தெடுத்துவிட்டார்கள் என்ற கருத்தைத் தெரிவித்தது.

இதைப் படித்தபோது எனக்கு அவர்கள்மீது கோபம் வரவில்லை. எங்கள் ரப்பர்தான் கண்முன் வந்தது. நாங்கள் மட்டும் என்ன, மோசடி செய்யவேண்டும் என்றா நினைத்தோம்? விடை 9.8 என்று தெரியும்; ஆகவே 10.1 என்பது எங்களுக்கு அளவீடாகத் தோன்றவில்லை, அழுக்காகத் தோன்றிற்று. பதினைந்து வயதில் பழகிய கை நாற்பது வயதில் தானாகத் திருந்திவிடும் என்று எதை நம்பிச் சொல்வது?

இனி, மூன்றாவது படிகம். யுரேனியம் அணு ஒன்றுக்கு டெல்லூரியம் அணு இரண்டு என்ற கணக்கில் சேர்ந்த யுரேனியம் டைடெல்லூரைடு. அமெரிக்காவில் மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தையும் தேசிய அளவியல் நிறுவனத்தையும் சேர்ந்த நிக்கலஸ் புட்ச், ஷெங் ரான் முதலானோர் இது 1.6 கெல்வினில் மீக்கடத்தியாகிறது என்று 2019-இல் வெளியிட்டார்கள். நினைவில் வைக்கச் சொன்ன எண்ணை இப்போது எடுங்கள். 3 டெஸ்லாவோடு இதன் கதை முடியவேண்டும். முடியவில்லை! படிகத்தின் ஒரு குறிப்பிட்ட அச்சின் வழியே காந்தப்புலம் கொடுத்தால் 35 டெஸ்லாவரை தாங்குகிறது. மருத்துவமனை எம்.ஆர்.ஐ. பொறிகளில் சாதாரணமாக 1.5 டெஸ்லாதான். 35-இல் படிகத்தின் காந்தத்தன்மை திடீரென்று மாறும்போது மீக்கடத்தலும் சட்டென்று போய்விடுகிறது.

போனதோடு முடிந்ததா? அதுவும் இல்லை. லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தில் ஒரு நொடியின் சிறு பகுதி நேரமே நீடிக்கும் மிக வலிய காந்தத் துடிப்புகளை உண்டாக்க முடியும். அங்கே புலத்தின் திசையைச் சற்றுச் சாய்த்து வைத்து ஏற்றிக்கொண்டே போனார்கள். 40 டெஸ்லாவுக்கு மேல் மீக்கடத்தல் திரும்பி வந்தது! 65 டெஸ்லாவிலும் இருந்தது. அதற்கு மேல் அந்தக் கருவியால் போக முடியவில்லை. நம் ஊரில் திசைகாட்டி முள்ளைத் திருப்பும் புவிக்காந்தத்தைப்போல் ஏறக்குறைய 16 லட்சம் மடங்கு இது. செத்துப் பிழைத்ததால் விவிலியத்தில் வரும் லாசருவின் பெயரை இந்த நிலைக்குச் சூட்டியிருக்கிறார்கள். பௌதிகக்காரர்களுக்கும் கதை பிடிக்கும்போலும்.

ஒரே பக்க இணைதான் இது என்று பலரும் எண்ணுகிறார்கள். டோப்பாலஜி வகையாகவும் இருக்கலாம் என்பது நம்பிக்கை. இங்கும் அவசரம் எட்டிப்பார்க்காமல் இல்லை. முதலில் வந்த படிகங்களில் மீக்கடத்தல் இரண்டு படிகளாக வருவதாகத் தெரிந்தது. படிகத்தின் மேல் பட்டுத் திரும்பும் ஒளியின் தளம் சற்றே திரும்பியதால், மீக்கடத்தலுக்குள்ளேயே ஒரு காந்தத்தன்மை இருக்கிறது என்றும் 2021-இல் எழுதினார்கள். அந்தப் படிகங்களிலோ சில இடங்களில் யுரேனியம் அணுக்களே இல்லாமல் இருந்தன. ஜப்பான் அணுசக்தி முகமையின் ஆய்வாளர்கள் 2022-இல் ஒரு புது முறையைக் கையாண்டார்கள். சோடியம் குளோரைடும் பொட்டாசியம் குளோரைடும் கலந்த உப்பை உருக்கி அதில் படிகத்தை வளர்த்தார்கள். நம் சமையலறை உப்பேதான்! வெப்பநிலை 2.1 கெல்வினுக்கு உயர்ந்தது. இத்தகைய தூய படிகங்களில் படி ஒன்றுதான். ஒளித்தளம் திரும்புவதும் தெரியவில்லை என்று 2023-இல் வெளிவந்தது. 

இதையெல்லாம் நான் சொன்னால் ஆசிரிய நண்பர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள்: "ஐயா, வகுப்பில் நாற்பது பேர், நிறுத்துக் கடிகாரம் நான்கு, வாரத்தில் இரண்டு பாடவேளை. ஒவ்வொருவன் பிழையையும் துருவிக்கொண்டிருந்தால் பாடத்தை எப்போது முடிப்பது?" நியாயமான கேள்விதான். எல்லாப் பிழையையும் துருவச் சொல்லவில்லை. ஒத்துவராத அளவீடுகளில் பெரும்பாலானவை வெறும் கைத்தவறுகள். அவற்றிலிருந்து நோபல் பரிசு முளைக்காது. அழிக்கவேண்டாம் என்றுதான் சொல்கிறேன். ஒரு கோடு போட்டு அடியுங்கள், அடித்த எண் படிக்கும்படி இருக்கட்டும், பக்கத்தில் ஏன் அடித்தேன் என்று ஒரு வரி எழுதுங்கள். காரணம் தெரியாவிட்டால் தெரியவில்லை என்றே எழுதுங்கள். இதற்குக் கூடுதல் கடிகாரம் வேண்டாம், கூடுதல் பாடவேளையும் வேண்டாம். பத்து மதிப்பெண்ணில் மூன்றை இதற்கு ஒதுக்கினால் போதும். ரப்பர்கள் தாமாகவே பைக்குள் போய்விடும். தேர்வாளர் மேசைக்கு வரும்போது நாற்பது நோட்டிலும் 9.8 இருந்தால், அந்த வகுப்பில் ஊசல் ஆடவே இல்லை என்று சந்தேகப்படும் உரிமை அவருக்கு வேண்டும்.

அடித்த எண்ணைப்போலவே ஒதுக்கிய படிகத்துக்கும் ஒரு கதை உண்டு. யுரேனியம் டைடெல்லூரைடு படிகங்களில் சில மிகவும் மட்டமாக வளர்ந்துவிடும்; காந்தப்புலமே இல்லாதபோது எவ்வளவு குளிர்வித்தாலும் அவை மீக்கடத்தி ஆவதில்லை. மீக்கடத்தியை ஆராய்கிறவனுக்கு அவற்றால் என்ன பயன்? குப்பையில் போடவேண்டியதுதானே? அப்படிப் போடாமல் அவற்றில் ஒன்றை வலிய காந்தத்தில் வைத்துப் பார்த்தவர்கள் 2024-இல் முடிவை வெளியிட்டார்கள். புலத்தை 29 முதல் 42 டிகிரிவரை சாய்த்து 37 டெஸ்லாவைத் தாண்டியதும் அந்தப் படிகம் மீக்கடத்தியாயிற்று. 52 டெஸ்லாவரை அப்படியே இருந்தது. செத்துப் பிழைத்ததுகூட அன்று, முதலில் உயிரே இல்லாதது! தாய் நிலை ஒன்று இல்லாமல் பிறந்ததால் இதற்கு அநாதை மீக்கடத்தல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எப்படி வருகிறது என்பதற்கு இன்னும் எல்லாரும் ஒப்புக்கொள்ளும் விளக்கம் கிடைக்கவில்லை.